வாசற்பனி

மனிதன் தூங்குகிற நேரத்தில் இரவு சும்மா இருப்பதில்லை. அவன் வாசலில் எதையாவது கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறது. காலையில் கதவைத் திறந்ததும் முதல் காரியம் அதை அப்புறப்படுத்துவதுதான். எந்த நாட்டிலும் இதுவே நியதி. கொட்டுகிற பொருள்தான் நாட்டுக்கு நாடு வேறு.

எங்கள் சங்கரன்கோவிலில் அது புழுதி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற காற்று, சாரலைக் குற்றாலத்தோடு நிறுத்திவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது. வந்த விருந்தாளி ஒன்றும் கொண்டுவராமல் இருக்கக்கூடாதே என்று வழியிலுள்ள செம்மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. அதோடு வேப்பஞ்சருகு, தறிக்கூடத்துப் பஞ்சு, பூ மார்க்கெட்டிலிருந்து பறந்து வந்த வாழைநார். கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண்ணைப் பக்தியோடு நெற்றியில் இட்டுக்கொள்கிற நாங்கள், வீட்டுக்கு வந்ததும் வாசல் மண்ணை வாரியலால் தெருவுக்குத் தள்ளுகிறோம். மண் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் அதன் மரியாதையைத் தீர்மானிக்கிறது.

கனடாவில் அது பனி. நமக்கு மார்கழிக் காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளச் செய்கிற பனியும் பனிதான். அங்கே மோட்டார் காரையே மூடிவிடுகிறதும் பனிதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து நிலம் வகுத்த முன்னோர், ஆறு மாதம் வெள்ளையாய்க் கிடக்கும் ஒரு நிலத்தில் தங்கள் பேரப்பிள்ளைகள் வீடு வாங்குவார்கள் என்று எங்கே எண்ணியிருக்கப் போகிறார்கள்? அங்கே குடியேறிய தமிழர்கள் அதை ஆறாம் திணை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தத் திணைக்கு உரிப்பொருள் என்ன என்று என்னைக் கேட்டால், வாசலைப் பற்றிய சச்சரவு என்பேன்.

காரணம், என் அக்காவும் அத்தானும் டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்த ஒரு பாதை உண்டு. பனி பெய்தால் அதை வீட்டுக்காரன்தான் அகற்ற வேண்டும். அத்தான் இருபத்தைந்து வருஷமாக ஷவலால் அள்ளி வருகிறார். சென்ற மழைக்காலத்தில் அக்கா ஒரு புதுச் சங்கதியைக் கண்டுபிடித்துவிட்டாள். மின்சாரப் பாய் ஒன்று கடையில் விற்கிறதாம். வாசலில் விரித்து ஸ்விட்சைப் போட்டால் மேலே விழுகிற பனி உருகி ஓடிவிடுமாம். வாங்குவதா, வேண்டாமா என்று இருவருக்கும் வழக்கு. கடைசியில் என்னைத் தொலைபேசியில் மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள். வாழ்நாளில் பனியையே பார்க்காதவன் என்பதால் நான் நடுநிலைமையோடு தீர்ப்புச் சொல்வேன் என்று இருவருமே நம்பினார்கள்.

பாய் என்றதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பத்தமடைப் பாய்க்குப் பேர்போன சீமையிலே பிறந்தவர்கள் நாங்கள். பாய் என்றால் படுத்தவனின் முதுகுக்குக் குளிர்ச்சி தர வேண்டும். சுடுகிற பாயை யார் கேள்விப்பட்டது? ஆனாலும் மத்தியஸ்தன் சிரிக்கக்கூடாது. இரண்டு கட்சியையும் விசாரித்தேன்.

முதலில் அத்தான் கட்சி.

"மாப்ளே, ஷவலுக்குக் கரண்டு வேண்டாம், ரிப்பேர் வேண்டாம், பில் வராது. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தெருவில எனக்கு யாரைத் தெரியும்னு நெனைக்க? பனி அள்ளப் போயித்தான் எல்லாரையும் தெரியும்" என்றார்.

இது வாஸ்தவம்தான். குளிர்காலத்தில் அந்த ஊர் வீடுகள் சிப்பியைப் போல மூடிக்கொள்கின்றன. பனி பெய்த மறுநாள் காலையில்தான் தெருவிலுள்ள எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. அத்தான் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், நெல் மூட்டை தூக்குகிறவரைப் போல மூச்சுப் பிடித்துப் பனியை வாரி எறிந்துகொண்டிருந்தாராம். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஓடிவந்து, "அண்ணை, பனியைத் தூக்கக் கூடாது, தள்ள வேணும்" என்று சொல்லி, ஷவலை வாங்கி வழி காட்டினாராம். அன்று தொடங்கிய சிநேகம் இன்றும் இருக்கிறது. ஒரு சிநேகிதனைச் சம்பாதித்துக் கொடுத்த கருவியை எளிதில் மூலையில் சாத்த மனம் வருமா?

ஆனால் ஷவலின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டொராண்டோவில் ஒரு வருஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் பனி பெய்கிறது. 1999 ஜனவரியில் பெய்த பெய்யில் மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். 2022 ஜனவரி 17-ல் நகரின் சில பகுதிகளில் ஒரே நாளில் 55 சென்டிமீட்டர் வரை குவிந்தது. இவை பெரிய நாட்கள். சாதாரண நாளின் கணக்கைப் பாருங்கள். இரண்டு கார் நிற்கிற பாதை, நீளம் ஆறு மீட்டர், அகலம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து சென்டிமீட்டர் பனி. புதுப்பனி பஞ்சுபோலத்தான் இருக்கும். அதன் எடை தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சுமாராகச் சொல்லலாம். அப்படியும் மொத்தம் 360 கிலோ வருகிறது. ஏழு சிமெண்டு மூட்டை! பனி ஈரமாக இருந்தால் எடை இரண்டு மூன்று மடங்காகும். இதற்கு மேல், தெருவைச் சுத்தம் செய்ய வருகிற நகரசபை வண்டி, தள்ளிய பனியை வயல் வரப்புப் போல வாசலுக்குக் குறுக்கே விட்டுப் போகும். சில பகுதிகளில் நகரசபையே பின்னால் வந்து அதைத் திறந்துவிடுவதும் உண்டு. ஆனால் வேலைக்குப் போகிறவன் அதுவரை காத்திருப்பானா?

இந்த ஏழு மூட்டையை எப்போது தூக்குகிறான்? விடிவதற்கு முன், படுக்கையிலிருந்து எழுந்த சூட்டோடு, உடம்பு முறுக்கு விடாத நேரத்தில். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. கால் நடக்காமல் நிற்க, கை மட்டும் பாரம் தூக்குகிறது, மூச்சை அடக்கிக்கொள்கிறான். இருதயத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கொடிய பரீட்சை வேண்டியதில்லை. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையுள்ள கணக்குகளை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருபது சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், பனியில்லாத நாளைவிட, மாரடைப்பால் இறக்கும் ஆண்களின் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பெண்களிடம் அப்படிக் கூடவில்லை. ஷவலைப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள் என்பதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதோடு 2007-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே வந்துவிடுகிறது என்கிறது அது.

அத்தானுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அவருடைய தகப்பனார் ஐம்பத்தாறில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அக்கா தன் கட்சியைச் சொன்னபோது இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டதுதான் அவளுடைய கட்சி என்று எனக்குப் புரிந்தது.

இனிப் பாயின் சங்கதி. தடித்த ரப்பருக்குள் சூடேறும் கம்பியை வளைத்து வளைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400, 500 வாட் சக்தி. பாதை முழுவதும் விரிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. காரின் சக்கரம் போகும் தடத்துக்கு மட்டும் இரண்டு பட்டையாக விரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம் என்றால், இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஐந்து மணி நேரம் ஓடினால் பதினைந்து யூனிட்டுக்குக் குறையாது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தபோது எத்தனை வீட்டில் மகிழ்ந்தோம்! அந்த நூறையும் இந்தப் பாய் ஒரே வாரப் பனியில் தின்று ஏப்பம் விட்டுவிடும்.

பாய் அப்படிப் பசித்துக் கிடப்பதற்குக் காரணம் அதன் தயாரிப்புக் கோளாறு அல்ல, பனியின் சுபாவம். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறும் தண்ணீராக்குவதற்கு வேண்டிய வெப்பம், அந்தத் தண்ணீரையே பூஜ்யம் டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பத்துக்குச் சமம். நம் கணக்கிலுள்ள 360 கிலோவை உருக்க, ஒரு துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் 33 யூனிட் ஆகும். காற்றும் தரையும் திருடிக்கொள்வது தனி. தள்ளுகிறவன் பனியை இடம்தான் மாற்றுகிறான். உருக்குகிறவன் அதன் பிறவியையே மாற்றுகிறான். பிறவியை மாற்றுவதற்கு விலை அதிகம்தான்.

இன்னும் சில சிக்கல்கள். உருகிய தண்ணீர் எங்கே போகும்? பாயின் ஓரம் வரை ஓடி, சூடில்லாத தரையைத் தொட்டதும் மறுபடி உறைந்து கண்ணாடி போலாகிவிடும். பார்வைக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். பனி குவிந்த பிறகு ஸ்விட்சைப் போட்டுப் பிரயோஜனமில்லை. விழத் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும். மின்சாரம் நின்றால் பாய் வெறும் ரப்பர். 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த உறைமழைப் புயலில் டொராண்டோவில் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்து, பல வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பாய் வாங்கியவனும் ஷவலை விற்றுவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

பனியை உருக்குகிற யோசனையே பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹாலண்ட் என்ற சிற்றூரில், 1988 முதல் மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக்கொண்டு தண்ணீரைச் சூடாக்கி, கடைத்தெருவுக்கு அடியில் குழாய்களில் ஓடவிடுகிறார்கள். தெரு பனியில்லாமல் காய்ந்து கிடக்கிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்கியவிக்கில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர், வீடுகளைச் சூடாக்கி முடித்தபின், போகிற போக்கில் நடைபாதைப் பனியையும் உருக்கிவிட்டுப் போகிறது. ஜப்பானில் நிகாட்டா மாகாணத்தார் வேறு வழி கண்டார்கள். சாலை நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரை மேலே பீய்ச்சிப் பனியைக் கரைத்தார்கள். நிலத்தடி நீர் குறைந்து, சில இடங்களில் தரையே அமுங்கத் தொடங்கியது. ஆயிரம் அடி ஆழத்தில் போர் போட்டுத் தண்ணீர் தேடுகிற நமக்கு இந்தக் கதையின் நீதியை விளக்க வேண்டியதில்லை. வீணாகும் வெப்பத்தை வாசலுக்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனம். கிடைத்ததையெல்லாம் இறைத்தால் அடியிலே கைவைத்ததாகிவிடும்.

இப்படியெல்லாம் நான் இரண்டு பக்கமும் நியாயம் அடுக்கிக்கொண்டு போனபோது, அத்தானின் மறுப்புக்குக் காரணம் மின்சாரக் கட்டணம் அல்ல என்பது மெல்லத் தெரியவந்தது. "அந்தத் தெருவில பாய் விரிச்சிருக்கவன் எல்லாம் எழுபது வயசுக்காரன் மாப்ளே" என்றார், குரலைத் தணித்து. அதுதான் விஷயம். அவருக்குப் பாயை விரிப்பது என்றால், தம் வயதை வாசலில் விரித்துக் காட்டுவது. இருபத்தைந்து வருஷம் முன்பு அந்நிய நாட்டில் வந்து இறங்கியவர், இந்தத் தெருவில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒவ்வொரு குளிர்காலமும் ஷவலால் எழுதிக் காட்டியிருக்கிறார். இனி எழுத வேண்டாம், ஸ்விட்சைப் போட்டால் போதும் என்றால் மனம் சம்மதிக்குமா?

நான் அவருக்கு அனுதாபமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அக்கா தொலைபேசியை வாங்கிவிட்டாள்.

"ஏ தம்பி, ஒண்ணு கேக்கேன். சங்கரன்கோவில்ல பதினஞ்சு வருஷம் நான் வாசல் பெருக்குனேன். அம்மா அறுபது வருஷம் பெருக்குனா. எங்களுக்கு இடுப்பு வலிக்குமேன்னு ஒருநாளாவது நீங்க இப்படிப் பஞ்சாயத்து வச்சீங்களா?"

மத்தியஸ்தனுக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி வேறு இருக்க முடியாது.

எங்கள் வீதியில் அதிகாலை ஐந்து மணிக்கு நடந்து பாருங்கள். வரிசையாக வளைந்த முதுகுகள். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறுகையில் ஒன்றரை முழ வாரியல். சாணி தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டு நிமிர்கிறபோது, இடுப்பில் கைவைத்து ஒரு கணம் நிற்பார்கள். அந்த ஒரு கணத்தை நாம் கவிதையில் பாடியிருக்கிறோம், சினிமாவில் படம் பிடித்திருக்கிறோம், மார்கழியில் கோலத்துக்குப் பரிசும் கொடுத்திருக்கிறோம். அந்த வாரியலுக்கு இரண்டு முழம் அதிகமாக ஒரு கம்பு வைத்துக் கட்டலாம் என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை. தெருக்கூட்டும் நகராட்சித் தொழிலாளியின் விளக்குமாற்றுக்கு நீளக் கம்பு உண்டு. தோட்டத்து மண்வெட்டிக்கு நல்ல காம்பு தேடித் தச்சனிடம் போனவர்கள் உண்டு. கடையில் இப்போது நீளப் பிடி போட்ட விளக்குமாறும் கிடைக்கத்தான் செய்கிறது. இருந்தும் பல வீடுகளில் வீட்டு வாரியல் மட்டும் தாத்தா காலத்து நீளத்திலேயே நிற்கிறது.

கனடாவிலே குனிகிற முதுகு ஆணுடையது. ஆகவே அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. வளைந்த காம்பு வைத்த ஷவல் வருகிறது. பனியை வாரி வீசும் இயந்திரம் வருகிறது. கடைசியில் பாயும் வருகிறது. யார் முதுகு வலிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கருவிகள் பிறக்கின்றன போலும். அக்கா கணவனுக்காகத்தான் பாயைக் கேட்டாள்; தனக்காக அல்ல. தன் இடுப்புக்கு யாரும் கேட்காததை, அவருடைய நெஞ்சுக்காகக் கேட்கிற தாராள மனம் அவளுக்கு இருந்தது. இந்த அம்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் எந்த மத்தியஸ்தன் எழுதும் தீர்ப்பும் செல்லாது.

எங்கள் ஊர்க் கோயிலின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களுக்குள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு. அம்மன் தவமிருந்தாள். ஆடித் தபசன்று இறைவன் பாதி உடல் சிவனாகவும் பாதி உடல் திருமாலாகவும் காட்சி கொடுத்தார். வழக்குத் தீர்ப்பதில் எங்கள் ஊர் சுவாமிக்கு இருக்கும் அநுபவம் வேறு யாருக்கும் வராது. நானும் அவர் வழியைப் பின்பற்றினேன்.

என் தீர்ப்பு இதுதான். கதவுக்கு முன்னால் உள்ள மூன்று படிக்கும் நடைபாதைக்கும் மின்சாரப் பாய். இடம் சின்னது, செலவும் சின்னது, வழுக்கி விழுந்து எலும்பு முறிவது அங்கேதான். காருக்கான பாதைக்கு ஷவல். ஆனால் பனி விழ விழ, கொஞ்சம் கொஞ்சமாக, எதிர்வீட்டுக்காரர் சொன்னதைப் போலத் தள்ளுவது மட்டும். தூக்கக் கூடாது. எழுந்தவுடன் போகக் கூடாது. நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் ஷவலைப் போட்டுவிட்டு உள்ளே வந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஈரப்பனிக்கும் வண்டி விட்டுப் போகும் வரப்புக்கும் கூலி கொடுத்து ஆள் வைப்பது. பக்கத்து அறையில் பத்து மணி வரை தூங்குகிற பத்தொன்பது வயது மகனுக்கும் தகப்பனின் சொத்தில் பாத்தியதை உண்டு, ஷவலும் சொத்துதான்.

தீர்ப்பை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அதாவது இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். நல்ல தீர்ப்புக்கு அதுதானே இலக்கணம்? டிசம்பரில் படிகளுக்குப் பாய் வந்தது. முதல் பனியன்று அத்தான் மகனை எழுப்பி, "தூக்காதே, தள்ளு" என்று பக்கத்தில் நின்று உபதேசம் செய்தாராம். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையில் ஷவலுக்குப் பதிலாகக் காப்பி இருந்தது என்று அக்கா சொன்னாள். அதைச் சொன்ன குரலில் இருந்த நிம்மதியை எந்த யூனிட் கணக்கிலும் எழுத முடியாது.

விஞ்ஞானம் வளர வளர வாசலைச் சுத்தம் செய்ய இன்னும் எத்தனையோ உபாயங்கள் வரும். வரட்டும். எந்த உபாயம் வந்தாலும் அதன் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், இதுவரை அந்த வாசலில் குனிந்தது யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. இரவு கொட்டிவிட்டுப் போவதை நம்மால் தடுக்க முடியாது. காலையில் அதை வாருகிற முதுகு எப்போதும் ஒரே முதுகாக இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்.